படம் 5 மி.மீ. தள்ளி நின்றால் ரோபோ என்ன செய்யும்?

எக்ஸ்ரேயில் ரத்தக்குழாய் தெரியாது. ரத்தக்குழாய்க்குள் கருவிகளை ஓட்டும் ரோபோவைப் பற்றிப் பேசினாலும், சி.டி. படத்தை எக்ஸ்ரேயின் மேல் போர்த்தும் ஃபியூஷனைப் பற்றிப் பேசினாலும் முதலில் மனதில் நிறுத்த வேண்டியது இதுதான். ரத்தக்குழாய்ச் சிகிச்சை நடக்கும் அறையான கேத் லேபில் பெடலை மிதித்ததும் ஃப்ளூரோஸ்கோபி எனும் நேரடி எக்ஸ்ரேத் திரையில் வருவது முதுகெலும்பும், விலா எலும்பும், குடலில் நிற்கும் காற்றும்தான். அவற்றின் நடுவே கைடுவயர், அதாவது குழாய்க்குள் வழிகாட்டும் மெல்லிய கம்பி, கறுத்த கோடாக ஓடும். அந்தக் கோடு எந்தக் குழாய்க்குள் போகிறது என்பது டை, அதாவது எக்ஸ்ரேயில் கறுப்பாகத் தெரியும் மருந்து, செலுத்தினால்தான் தெரியும். செலுத்திய டையை ரத்த ஓட்டம் ஓரிரு விநாடியில் அடித்துக்கொண்டு போய்விடும். மறுபடியும் எலும்பும் வயரும் மட்டும்தான்.

சிறுநீரகம் ஏற்கெனவே நலிந்திருக்கும் நோயாளிக்கு டையை நினைத்தபடி ஊற்ற முடியாது. பெருந்தமனியில் முறையாக ஒரு ஆஞ்சியோ ஓட்டம் எடுத்தாலே 15 முதல் 20 மி.லி. போய்விடும். அதனால்தான் முன்பே எடுத்து வைத்த சி.டி. ஆஞ்சியோவிலிருந்து ரத்தக்குழாய்களை மட்டும் பிரித்தெடுத்து, அந்த முப்பரிமாண உருவத்தை நேரடி எக்ஸ்ரேயின் மேல் போர்த்துகிறோம். கேத் லேபில் இதை ஃபியூஷன் என்றோ ஓவர்லே என்றோ சொல்வார்கள். எக்ஸ்ரே கருவியைத் தாங்கும் வளைந்த கையான சி-ஆர்ம் திரும்பினால் போர்த்திய உருவமும் கூடவே திரும்பும், மேசை நகர்ந்தால் கூடவே நகரும். டை இல்லாத நேரத்திலும் குழாய் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குக் காட்டிக்கொண்டிருக்கும்.

இருக்கிறது என்று அது சொல்கிறது. அந்தச் சொல்லை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் இந்தப் பதிவின் விஷயம்.

வயிற்றுப் பெருந்தமனி அனியூரிசத்தை, அதாவது தமனிச் சுவர் புடைப்பதை, எடுத்துக்கொள்வோம். புடைப்பு சிறுநீரகத் தமனிகளுக்கு மிக அருகில் வரை ஏறியிருந்தால் புடைப்புக்குள் வைக்கும் செயற்கைக் குழாயான சாதாரண ஸ்டென்ட் கிராஃப்ட் போதாது. கிளைத் தமனிகளின் வாய்க்கு நேராகச் சன்னல் விட்ட கிராஃப்ட் வேண்டும். சிறுநீரகத் தமனியின் வாய் ஏறத்தாழ 5, 6 மி.மீ. அகலம். கிராஃப்டில் அதற்காக விடும் சின்னச் சன்னல் 6 மி.மீ. அகலமும் 6 அல்லது 8 மி.மீ. உயரமும் இருக்கும். இந்தச் சன்னல் வழியாக அந்த வாய்க்குள் வயரை நுழைத்து, ஒரு சிறிய ஸ்டென்டால் இரண்டையும் இணைக்க வேண்டும்.

இப்போது திரையைப் பாருங்கள். சிறுநீரகத் தமனியின் வாயைச் சுற்றி மென்பொருள் நீல வளையம் போட்டிருக்கிறது. கத்தீட்டர் எனும் மெல்லிய குழலின் நுனி வளையத்துக்குள் கச்சிதமாக நிற்கிறது. வயரைத் தள்ளினால் உள்ளே போகவில்லை, சுவரில் முட்டி வளைகிறது. 5 மி.லி. டையைக் கையால் மெல்லச் செலுத்துகிறோம். உண்மையான வாய் வளையத்துக்கு 5 மி.மீ. மேலே கறுப்பாக நிரம்பித் தெரிகிறது. ஒரு முழு வாய் அளவு பிசகு. கையால் செய்பவர் இரண்டு முறை முட்டியதுமே விரலில் வரும் அழுத்தத்தை வைத்து இடம் இதில்லை என்று புரிந்துகொள்வார். புழக்கத்துக்கு வந்த ரோபோக்கள் பெரும்பாலானவற்றில் அந்த விரல் உணர்வு இயக்குபவருக்குக் கிடைப்பதில்லை. காட்டிய இடத்துக்கு மில்லிமீட்டர் கணக்கில் போகும். காட்டிய இடமே தவறு என்றால், தவறான இடத்துக்கும் அதே கணக்கோடு போகும். ரோபோவின் துல்லியத்தைப் பற்றி விளம்பரங்களும் கருத்தரங்குகளும் நிறையப் பேசுகின்றன. படத்தைப் பொருத்துவதில் வரும் பிசகைப் பற்றிப் பேசுவது குறைவு. வேலை கெடுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

ரத்தக்குழாய் ரோபோக்கள் எல்லாம் ஒரே மாதிரி அல்ல. ஒரு வகை, நாம் கையால் பிடிக்கும் அதே கைடுவயரையும் பலூனையும் ஸ்டென்டையும் உருளைகளுக்கு நடுவே கவ்விக்கொண்டு தள்ளும், இழுக்கும், சுழற்றும். அமெரிக்காவின் கொரிண்டஸ் நிறுவனம் செய்த கார்பாத் இந்த வகை. முதல் பதிப்பான கார்பாத் 200க்கு 2012இல் அமெரிக்க மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி கிடைத்தது. கைடு கத்தீட்டரையும் அசைக்கக்கூடிய ஜி.ஆர்.எக்ஸ். 2016இல் வந்தது. மேசையோரம் ஒரு எந்திரக் கை, அதன் முனையில் ஒரு நோயாளிக்கு மட்டும் பயன்படுத்தி எறியும் கேசட், தள்ளி ஈயத் தடுப்புக்குப் பின்னால் ஜாய்ஸ்டிக்குகள். அது ஓட்டுவது 0.014 அங்குல வயர், அதாவது 0.36 மி.மீ. தடிமன். ஒரு தட்டுக்கு 1 மி.மீ. என்று நகர்த்தலாம். பிரான்சின் ரோபோகாத் நிறுவனத்தின் ஆர்-ஒன்னும் ஏறக்குறைய இதே வழி.

இரண்டாவது வகையில் கத்தீட்டரின் நுனியையே ரோபோ வளைக்கும். ஹான்சன் மெடிக்கல் செய்த மெஜெல்லன் அப்படிப்பட்டது. உள்ளே இழுகம்பிகள் ஓடும், நுனியை விரும்பிய திசைக்கு வளைத்து அப்படியே நிறுத்தி வைக்கலாம். பெருந்தமனிக் கிளைகளுக்கு இந்த வகைதான் இயல்பாகப் பொருந்துகிறது என்பது என் கருத்து. சாதாரண வளைகத்தீட்டரின் வளைவை நாம் மாற்ற முடியாது, வாய் இருக்கும் கோணத்துக்கு ஏற்றதைத் தேடி ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். மெஜெல்லனுக்கு முன்பே, லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு இப்படி வளைக்கும் ரோபோக் கத்தீட்டரை அனியூரிசம் சிகிச்சையில் பயன்படுத்தி 2009இல் எழுதியது. ஹான்சனை 2016இல் ஆரிஸ் நிறுவனம் வாங்கிக்கொண்டது. மூன்றாவது வகை காந்தம். ஸ்டீரியோடாக்சிஸ் நிறுவனத்தின் நியோபியில் நோயாளியின் இருபுறமும் இரண்டு பெரிய நிலைக் காந்தங்கள் நின்று, நுனியில் காந்தம் பொதிந்த கத்தீட்டரைத் திசை திருப்பும். அது பெரும்பாலும் இதயத் துடிப்புக் கோளாறுகளுக்குப் போய்விட்டதால் இங்கே அதை விட்டுவிடுகிறேன்.

எந்த வகையானாலும் ரோபோவுக்கு நேரடியாகத் தெரிவது வெளியே என்ன நடந்தது என்பது மட்டும்தான். கேசட்டில் உருளை எத்தனை மில்லிமீட்டர் சுற்றியது என்று எண்ணுவது இடுப்பு அருகில். நுனி இருப்பதோ சிறுநீரகத் தமனிக்கு அருகில், அரை மீட்டருக்குக் கிட்டத்தட்ட உள்ளே. நடுவில் வயர் தளர்ந்து கிடக்கும், வளைவுகளில் வெளிச்சுவரோடு ஒட்டிக்கொள்ளும், கத்தீட்டருக்குள் பாம்புபோல் நெளியும். இங்கே 10 மி.மீ. தள்ளினால் அங்கே 3 மி.மீ. நகரலாம். ஒன்றுமே நகராமல் இருந்து அடுத்த தட்டில் சேர்த்து வைத்ததெல்லாம் ஒரே துள்ளலாகப் பாயவும் செய்யும். சுழற்சியும் அப்படித்தான். முறுக்கு வயரில் தேங்கித் தேங்கி, நுனி சட்டென்று அரைச்சுற்றுச் சுற்றும். உருளையில் ரத்தமோ டையோ ஒட்டினால் வயர் வழுக்கும், எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். ஆகவே நுனி எங்கே என்ற கேள்விக்கு ரோபோவிடம் பதில் இல்லை. பதில் படத்திடம்தான் இருக்கிறது.

படத்தைப் பொருத்தும் வேலை சி.டி.யிலேயே தொடங்குகிறது. துண்டுத் தடிமன் 1 மி.மீ. அல்லது அதற்கும் குறைவாக இருக்க வேண்டும். 3 மி.மீ. துண்டில் 5 மி.மீ. வாயைக் குறித்தால் தொடக்கத்திலேயே பாதி வாய் அளவு சந்தேகம் ஒட்டிக்கொள்ளும். படம் பழையதாகவும் இருக்கக் கூடாது, அனியூரிசம் வளரும்போது அக்கம்பக்கத்தையும் தள்ளும். குழாய்களைப் பிரித்தெடுத்த பிறகு முழு உருவத்தையும் திரையில் போர்த்துவது நல்லதல்ல. கலர் கலராகப் பெருந்தமனி முழுவதும் திரையை நிரப்பினால் அடியில் ஓடும் வயர் மறைந்துவிடும். வேண்டிய கிளைகளின் வாய்களுக்கு மட்டும் வளையம், கிளையின் நடுக்கோட்டில் தொடக்க 2 செ.மீ., அவ்வளவு போதும்.

பிறகு மேசையில். இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சி-ஆர்மைச் சுற்றவிட்டு மேசையிலேயே கோன்-பீம் சி.டி. எனும் முப்பரிமாணப் படம் எடுப்பது. சி-ஆர்ம் சில விநாடிகளில் நோயாளியைச் சுற்றி ஏறத்தாழ 200 டிகிரி ஓடும். டை தேவையில்லை, எலும்பும் தமனிச் சுவரில் படிந்த சுண்ணாம்பும் தெரிந்தால் போதும். சுற்றுவதற்கு முன் ஒருமுறை வெறுமனே சுற்ற வைத்து, மயக்க மருந்துக் குழாயிலோ சொட்டுமருந்துக் கம்பத்திலோ ரோபோக் கையிலோ இடிக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும். ரோபோக் கை பொருத்திய மேசையில் இந்த இடிதான் மிகச் சாதாரணமாக வரும் தொல்லை. அதனால் கோன்-பீம் எடுத்த பிறகு கையை மாட்டுவது சுலபம், ஆனால் மாட்டும்போது மேசையும் நோயாளியும் அசையக் கூடாது. சுற்றும் நேரத்துக்கு மூச்சை நிறுத்தி வைக்க வேண்டும்.

இன்னொரு வழி, இரண்டு கோணங்களில் இரண்டே எக்ஸ்ரே எடுத்து, சி.டி.யை அந்த இரண்டோடும் ஒப்பிட்டுப் பொருத்துவது. கதிர்வீச்சு குறைவு, நேரமும் குறைவு. இரண்டு கோணங்களுக்கும் இடையே குறைந்தது 30 டிகிரி வேண்டும், 90க்கு எவ்வளவு அருகில் போகிறதோ அவ்வளவு நல்லது. காரணம் எளிய கணக்கு. முன்-பின் காட்சி ஒன்றை மட்டும் வைத்துப் பொருத்தினால், கதிர் போகும் திசையில், அதாவது வயிற்றிலிருந்து முதுகு நோக்கிய ஆழத்தில், 10 மி.மீ. பிசகு இருந்தாலும் அந்தக் காட்சியில் எல்லாம் பொருந்தியே தெரியும். சி-ஆர்மை 30 டிகிரி சாய்த்ததும் அதில் 5 மி.மீ. வெளியே வரும். 60 டிகிரியில் 8.7 மி.மீ. அவசரத்தில் ஒரே காட்சியோடு நிறுத்தியவர்களுக்கு, பக்கவாட்டில் சாய்த்த பிறகுதான் வளையம் தமனியை விட்டு வெளியே நிற்பது தெரியவரும். சன்னல் வைத்த கிராஃப்டுக்கு நான் கோன்-பீம் பக்கம்தான் சாய்வேன். காலுக்குப் போகும் தமனிக்கோ சாதாரண கிராஃப்டுக்கோ இரண்டு எக்ஸ்ரே போதும்.

எந்த எலும்பை வைத்துப் பொருத்துகிறோம் என்பதைப் பலர் மென்பொருளிடமே விட்டுவிடுகிறார்கள். அப்படி விடக் கூடாது. மென்பொருள் திரையில் தெரியும் எல்லா எலும்பையும் சேர்த்துச் சராசரியாகப் பொருத்தப் பார்க்கும். பெரிய எலும்பு இடுப்பெலும்பு என்பதால் பொருத்தம் அந்தப் பக்கம் இழுபடும். ஆனால் சி.டி. எடுத்தபோது நோயாளி கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்திருந்தார். இங்கே படுக்கை வேறு, கை பக்கவாட்டில், மயக்க மருந்தில் முதுகுத் தசைகள் தளர்ந்திருக்கின்றன. முதுகெலும்பின் வளைவே மாறிவிட்டது. இடுப்பெலும்பில் கச்சிதமாகப் பொருந்திய படம் மேலே போகப் போகக் கோணிக்கொள்ளும். சிறுநீரகத் தமனிகள் பெரும்பாலும் எல்-1, எல்-2 எனும் கீழ்முதுகின் முதல் இரண்டு முள்ளெலும்புகளின் மட்டத்தில் கிளைக்கின்றன. பொருத்தும் கட்டத்தைச் சுருக்கி அந்த இரண்டு, மூன்று எலும்புகளை மட்டும் உள்ளே வைக்க வேண்டும். அவற்றிலும் சுழற்சியைக் கவனிக்க வேண்டும். முள்ளெலும்பின் நடுவிலிருந்து தமனி வாய் 5 செ.மீ. தள்ளி இருந்தால், 3 டிகிரி சுழற்சிப் பிசகு வாய்ப் பக்கத்தில் 2.6 மி.மீ. ஆகிவிடும். எலும்பைப் பார்த்தால் பிசகே தெரியாது. பெருந்தமனிச் சுவரில் சுண்ணாம்புத் திட்டு இருந்தால் அது நல்ல அடையாளம். எலும்பு குழாயின் பக்கத்து வீடு, சுண்ணாம்போ குழாயின் சொந்தச் சுவர்.

பொருத்தி முடித்ததும் மென்பொருள் ஒரு எண் காட்டும், 0.8 மி.மீ. என்பது போல. அது எதன் பிழை என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பொருத்தப் பயன்பட்ட எலும்புகளும் புள்ளிகளும் ஒன்றோடொன்று எவ்வளவு ஒட்டின என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. நமக்கு வேண்டிய வாய் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை அது சொல்வதில்லை. முதல் எண் சிறிதாக இருப்பதால் இரண்டாவதும் சிறிதாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. படவழிச் செலுத்தத்தில், அதாவது படத்தை வைத்துக் கருவியை ஓட்டுவதில், இது நெடுநாளாகத் தெரிந்த விஷயம். ஆனாலும் திரையில் சின்ன எண் வந்தால் மனம் சமாதானமாகிவிடுகிறது.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் பெரிய பிசகு இனிமேல்தான் வரும். அதைக் கொண்டுவருவது நாமே. கிராஃப்டை மேலே ஏற்ற 0.035 அங்குலத்தில் கெட்டியான வயர் வேண்டும். அது கிட்டத்தட்ட 0.9 மி.மீ. தடிமனுள்ள உருக்குக் கம்பி. அதன் மேல் கிராஃப்டை ஏந்திய 20 ஃப்ரெஞ்சு அளவு உறை ஏறும், விட்டம் 6.7 மி.மீ. ஒரு ஃப்ரெஞ்சு என்பது மூன்றில் ஒரு மில்லிமீட்டர் என்று நினைவில் வைத்தால் கணக்கு எளிது. வயதானவர்களின் இலியாக் தமனிகள், அதாவது பெருந்தமனியிலிருந்து கால்கள் பக்கம் பிரியும் தமனிகள், ஆறு வளைவதுபோல் வளைந்து கிடக்கும். கெட்டி வயர் உள்ளே போனதும் அந்த வளைவுகள் நிமிர்கின்றன, பெருந்தமனி இரண்டாகப் பிரியும் இடம் மேலே தள்ளப்படுகிறது, வயர் உரசும் சுவர்ப்பக்கம் கிளைகளின் வாய்களும் இழுபடுகின்றன. முதுகெலும்பு மட்டும் அப்படியே இருக்கிறது. பொருத்தம் எலும்போடு என்பதால் வளையங்களும் பழைய இடத்திலேயே நிற்கின்றன. மேலே சொன்ன 5 மி.மீ. இப்படித்தான் வருகிறது. கருவியும் மென்பொருளும் சரியாகவே இயங்குகின்றன, குழாய் மட்டும் இடம் மாறிவிட்டது.

இதற்கு வழி உண்டு. கெட்டி வயரும் கிராஃப்டும் இரண்டுமே உள்ளே நிற்கும் நிலையில், கிராஃப்டை விரிப்பதற்கு முன்பு, ஒரே ஒரு சின்ன டை ஓட்டம் எடுக்க வேண்டும். வெறும் வயர் மட்டும் இருக்கும்போது எடுத்தால் பயனில்லை, உறை ஏறியதும் இன்னொரு முறை நகரும். சிறுநீரகத் தமனியின் வாய் நேர்ப்பக்கமாகத் தெரியும் கோணத்தை சி.டி.யிலிருந்தே முன்கூட்டிக் கணக்கிட்டு வைத்து, சி-ஆர்மை அங்கே நிறுத்திச் செலுத்த வேண்டும். படத்தை உறைய வைத்து, வளையத்தை உண்மையான வாய்க்கு நகர்த்த வேண்டும். இந்தத் திருத்தத்தில் உருவத்தைச் சுழற்றக் கூடாது, மேல்-கீழ், இட-வலம் நகர்த்தினால் போதும். ஒரு காட்சியை மட்டும் வைத்துச் சுழற்றினால் தெரியாத திசையில் புதுப் பிசகை நாமே உண்டாக்கிவிடுவோம். வலது, இடது சிறுநீரகத் தமனிகள் ஒரே அளவு நகர்வதில்லை. முதலில் எதற்குள் வயர் நுழைக்கப் போகிறோமோ அதற்கு ஒட்டித் திருத்தி, அதை முடித்த பிறகு அடுத்ததற்கு மீண்டும் திருத்த வேண்டும். இரண்டுக்கும் பொதுவாக நடுவில் நிறுத்துவது இரண்டையும் கெடுக்கும்.

மூச்சு வேறொரு விதமான அசைவு. சிறுநீரகம் உதரவிதானத்தோடு சேர்ந்து செ.மீ. கணக்கில் ஏறி இறங்கும். வாய்ப் பகுதி பெருந்தமனியோடு கட்டுண்டு இருப்பதால் அங்கே அசைவு குறைவு, தமனியின் வெளிமுனையில் அதிகம். எனவே வாய்க்குள் நுழையும்வரை வளையத்தை நம்பலாம், உள்ளே போன பிறகு கிளையின் நடுக்கோட்டை அப்படி நம்பக் கூடாது. வயர் முனை சிறுநீரகத்துக்குள் ஆழமாகப் போய்க் குத்தினால் ரத்தம் வெளியே கசியும், அது சாதாரண விபத்தல்ல. ரோபோவில் 1 மி.மீ. தட்டுகளாக முன்னேறும் வசதியைப் பயன்படுத்த வேண்டிய இடம் இதுதான். வேகத்தைக் குறைத்து, முனையைத் திரையை விட்டு வெளியே போகவிடாமல் போக வேண்டும்.

ஜாய்ஸ்டிக்கில் இன்னொரு கோளாறு ஒளிந்திருக்கிறது. நுனியை வளைக்கும் ரோபோவில், ஜாய்ஸ்டிக்கை வலப்பக்கம் சாய்த்தால் திரையில் நுனி வலப்பக்கம் போக வேண்டும். அதற்கு சி-ஆர்ம் எந்தக் கோணத்தில் நிற்கிறது, கத்தீட்டர் தன் அச்சில் எவ்வளவு உருண்டிருக்கிறது என்ற இரண்டும் கணினிக்குத் தெரிய வேண்டும். கோணம் மாறியதைச் சொல்ல மறந்தால், அல்லது வளைவுகளில் கத்தீட்டர் உருண்டுவிட்டால், வலம் என்று சாய்த்தது மேலே போகும். அனுபவமுள்ளவர்கள் ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன அசைவைக் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடர்வார்கள். இடம்-வலம் குழம்பிய பிறகும் மனத்திலேயே மாற்றிக் கணக்குப் போட்டு ஓட்ட முயல்வது ஆபத்து. நிறுத்தி, திரும்பத் திசையைப் பொருத்திவிட்டுத் தொடர ஒரு நிமிடம்கூட ஆகாது.

எலும்பை நம்பாமல் கருவியின் இடத்தையே நேராக அறிய முடியாதா என்று கேட்கலாம். முயற்சிகள் இருக்கின்றன. மின்காந்த முறையில் கத்தீட்டர் நுனிக்குள் 1 மி.மீ.க்கும் மெல்லிய கம்பிச்சுருள் வைத்து, மேசைக்கு அருகில் ஒரு காந்தப்புல அலகை நிறுத்தி இடத்தைக் கணக்கிடுகிறார்கள். எக்ஸ்ரே தேவையில்லை. ஆனால் கேத் லேப் முழுக்க உலோகம். சி-ஆர்ம் டிடெக்டரைக் கீழே இறக்கினாலே புலம் கோணுகிறது, காட்டும் இடமும் கோணுகிறது. ஆய்வகத்தில் ஒரு மில்லிமீட்டருக்குள் வரும் பிழை அறைக்குள் வந்தால் கூடுவது இதனால்தான்.

இன்னொரு வழி ஒளி. கைடுவயருக்குள் முடியளவு ஒளியிழையை ஓட்டி லேசர் ஒளி செலுத்தினால், இழை வளையும் இடங்களில் திரும்பி வரும் ஒளி மாறும். அதிலிருந்து வயரின் முழு வடிவத்தையும் நேரலையில் வரைந்துவிடலாம். பிலிப்ஸ் நிறுவனத்தின் ஃபோர்ஸ் எனப்படும் இந்த முறையை நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் 2018இல் முதன்முதலில் நோயாளிகளிடம் பயன்படுத்தினார்கள். எக்ஸ்ரேயை அணைத்துவிட்டு ஒரே நேரத்தில் முன்காட்சியும் பக்கவாட்டுக் காட்சியும் திரையில் ஓடுவதைப் பார்க்கும்போது, இந்தத் துறை எங்கே போக வேண்டும் என்பது புரியும். ரோபோவோடு சேர வேண்டிய தொழில்நுட்பம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். கேசட்டின் எண்ணிக்கையையும் நுனியின் உண்மையான இடத்தையும் ஒப்பிட்டால், வயர் தளர்ந்திருக்கிறதா, தேங்கிய முறுக்கு துள்ளப் போகிறதா என்று முன்பே சொல்லிவிடலாம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஒளியிழை கருவியின் வடிவத்தைக் காட்டும், குழாயைக் காட்டாது. வடிவத்தைப் படத்தோடு பொருத்தும் வேலையும், கெட்டி வயரால் குழாய் நகரும் தொல்லையும் அப்படியேதான் இருக்கின்றன.

இதயத் தமனிகளில் கதையே வேறு. துடிப்பும் மூச்சும் சேர்ந்து குழாய் ஓயாமல் ஆடிக்கொண்டிருப்பதால் நிலையான சி.டி. உருவத்தைப் போர்த்துவது பெரிய பயன் தராது. அங்கே ரோபோவின் நன்மை வேறு இடத்தில். 2013இல் வெளியான ப்ரிசைஸ் ஆய்வில் 164 நோயாளிகளுக்கு கார்பாத் மூலம் ஸ்டென்ட் வைத்தார்கள். மேசையோரத்தோடு ஒப்பிட, தடுப்புக்குப் பின்னால் இருந்தவர் பெற்ற கதிர்வீச்சு 95.2 சதவீதம் குறைவு. பல கிலோ எடையுள்ள ஈய ஏப்ரனை நாள் முழுக்கச் சுமந்து முதுகு கெட்டவர்களுக்கு இந்த எண்ணின் அருமை தெரியும். ஆனால் மேசையோரம் நிற்கும் உதவியாளரும் நர்ஸும் டெக்னீஷியனும் அங்கேயேதான் நிற்கிறார்கள். ரோபோ வந்ததும் அவர்களுக்கான தொங்கு கவசங்களை ஒதுக்கித் தள்ளிவிடும் பழக்கம் இருந்தால் அதை உடனே நிறுத்த வேண்டும்.

2018 டிசம்பரில் டாக்டர் தேஜஸ் படேல், காந்திநகர் அக்ஷர்தாம் வளாகத்திலிருந்து ஏறத்தாழ 32 கி.மீ. தொலைவில் அகமதாபாத் மருத்துவமனையில் இருந்த 5 நோயாளிகளுக்கு கார்பாத் மூலம் ஸ்டென்ட் வைத்தார். அந்தச் செய்தியைப் படித்தவர்கள் பெரும்பாலும் தூரத்தைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். நோயாளியின் அருகில் ஒரு முழுக் குழு இருந்தது. துளையிட்டு கைடு கத்தீட்டரைத் தமனி வாயில் நிறுத்தியது அந்தக் குழு. தூரத்திலிருந்து செய்யும்போது படம் வரும் தாமதமும் கட்டளை போகும் தாமதமும் கூடிக்கொள்ளும். தாமதம் சீராக இருந்தால் கை பழகிவிடும், ஏறி இறங்கினால் பழகாது. 2019 நவம்பரில் டொரோன்டோவில் விட்டோர் மென்டெஸ் பெரெய்ரா தலைமையிலான குழு இதே ஜி.ஆர்.எக்ஸ். ரோபோவால் மூளைத் தமனி அனியூரிசத்துக்குச் சிகிச்சை செய்தது. அதே 2019இல் கொரிண்டஸை சீமென்ஸ் ஹெல்த்தினியர்ஸ் வாங்கியது. 2023இல் இதயப் பிரிவை விட்டுவிட்டு மூளைத் தமனிகள் பக்கம் கவனத்தைத் திருப்புவதாக அறிவித்தது. மூளையைச் சுற்றிலும் மண்டையோடு இருப்பதால் அங்கே படம் நகர்வது வயிற்றைவிடக் குறைவு. படவழிச் செலுத்தத்துக்கு அந்த இடம் இயல்பாகவே உகந்தது.

கடைசியாக, கைக்கு மாறும் தருணம். ரோபோவால் முடியாதபோது கேசட்டைத் திறந்து வயரைக் கையில் எடுக்க வேண்டிவரும். திறக்கும்போது உருளைகளின் பிடி விட்டதும், தேங்கிய முறுக்கும் தளர்வும் சேர்ந்து நுனியை ஒரு செ.மீ. கூட முன்னே தள்ளிவிடும். எனவே திறப்பதற்கு முன் வயரைச் சற்று பின்னே இழுத்துத் தளர்வை எடுத்துவிட்டு, ஒருவர் கேசட்டுக்கும் உறைக்கும் நடுவில் வயரை விரலால் பிடித்திருக்க, இன்னொருவர் ஃப்ளூரோஸ்கோபியில் முனையைப் பார்த்துக்கொண்டிருக்கத் திறக்க வேண்டும். இதை வெறும் மேசையில் பலமுறை ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். ரத்தம் கசிந்த பிறகு கேசட்டின் தாழ்ப்பாள் எங்கே என்று தேடக் கூடாது.

சிகிச்சைக் குறிப்பில் டை அளவும் கதிர்வீச்சு அளவும் எழுதுகிறோம். பொருத்திய விவரத்தையும் ஒரு வரி எழுதத் தொடங்கினால் ஒவ்வொரு குழுவுக்கும் தன் பிசகின் அளவு தெரிந்துவிடும். எந்த எலும்பு, எந்தக் கோணங்கள், கெட்டி வயருக்குப் பிறகு எவ்வளவு திருத்தினோம், எந்தத் திசையில் என்பது போதும். உதாரணமாக: 'பொருத்தம் எல்-1, எல்-2 மட்டும், கோணம் 0, 75, உறை ஏறிய பின் வலது சிறுநீரக வாய் மேலே 4, இடப்பக்கம் 2 மி.மீ.; இடது வாய் மேலே 6 மி.மீ.'